சிவப்புப் பூச்சியெல்லாம் எதிரியல்ல: ரெடுவிட் நாவாய்ப் பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

பருத்தி, கத்தரி, நிலக்கடலை வயலில் சிவப்பும் கருப்புமாக ஒரு பூச்சி கண்ணில் பட்டால் பெரும்பாலான விவசாயிகள் அடுத்து போவது மருந்துக் கடைக்குத்தான். "சிவப்புப் பூச்சி விழுந்திருக்கு" என்று சொன்னால் கடைக்காரரும் கேள்வி கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தச் சிவப்புப் பூச்சி உங்கள் பயிரைச் சாப்பிட வந்ததாகவும் இருக்கலாம், பயிரைச் சாப்பிடும் புழுவைச் சாப்பிட வந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். தவறாகக் கணித்து மருந்தடித்தால் பணமும் போகும், வயலில் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் காவலாளியும் போய்விடும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இந்தக் குழப்பம் வர நிறையவே வாய்ப்பு உண்டு. புள்ளம்பாடி, மண்ணச்சநல்லூர், துறையூர் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும், மணப்பாறை, வையம்பட்டி பக்கம் நிலக்கடலையும் காய்கறியும், ஸ்ரீரங்கம், அந்தநல்லூர், ஜீயபுரம் பக்கம் காவிரிக் கரை வாழையும் அதற்குள் ஊடுபயிரும் என்று பல பயிர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இலைகளில் புழு இருக்கும் இடத்தில் அந்தப் புழுவைத் தேடி ரெடுவிட் நாவாய்ப் பூச்சியும் வரும். ஆங்கிலத்தில் இதை 'அசாசின் பக்' என்கிறார்கள். நம் வேளாண் நூல்களில் 'கொலைகார நாவாய்ப் பூச்சி', 'ரெடுவிட் நாவாய்ப் பூச்சி' என்ற பெயர்களில் வருவது இதுதான்.

இந்தப் பூச்சியின் உடல் அமைப்பு, அது எந்த வகையைச் சேர்ந்தது, தீமை செய்யும் பூச்சியில் இருந்து அதை எப்படிப் பிரித்து அறிவது, வயலில் எப்படித் தக்கவைப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

வகைப்பாடு: எந்தக் குடும்பம், எந்த இனம்?

வகைப்பாடு கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. ஒரு பூச்சி எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் அது எதைச் சாப்பிடும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வகுப்பு: பூச்சிகள் (இன்செக்டா)
வரிசை: ஹெமிப்டிரா. உறிஞ்சும் வாய் கொண்டவை. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாம் இந்த வரிசைதான்.
துணை வரிசை: ஹெட்டிராப்டிரா. முன் இறக்கையில் பாதி தடித்தும் பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும் நாவாய்ப் பூச்சிகள்.
குடும்பம்: ரெடுவிடே. கொலைகார நாவாய்ப் பூச்சிகள்.
துணைக் குடும்பம்: ஹார்ப்பக்டோரினே. செடிகளின் மேல் பகலில் நடமாடும் வேட்டைப் பூச்சிகள்.
பேரினம்: ரைனோகோரிஸ்
இனம்: ரைனோகோரிஸ் ஃபுசிப்பெஸ்

'ரைனோகோரிஸ்' என்றால் மூக்குள்ள நாவாய்ப் பூச்சி என்று பொருள் கொள்ளலாம். 'ஃபுசிப்பெஸ்' என்றால் கருமையான காலுடையது. பெயரிலேயே இரண்டு அடையாளம் இருக்கிறது: நீண்ட மூக்கு, கருத்த கால்.

இதற்கு இனப்பெயர் சூட்டியவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஜொஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். ஆண்டு 1787. இவர் தாவர, விலங்குப் பெயரிடல் முறையை வகுத்த லின்னேயஸிடம் பயின்றவர். காவிரி கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே உள்ள தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அங்கிருந்த மருத்துவர்களும் பாதிரியார்களும் நம் ஊர்ப் பூச்சிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட தென்னிந்தியப் பூச்சிகளில் பல அப்படிப் போனவை. பின்னர் வில்லியம் லூக்கஸ் டிஸ்டன்ட் 1902 முதல் 1918 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட இந்திய நாவாய்ப் பூச்சிகள், தத்துப்பூச்சிகள் பற்றிய நூல் வரிசைதான் இந்தக் குடும்பத்தை நம் நாட்டளவில் முறையாக விவரித்தது.

உலகில் ரெடுவிடே குடும்பத்தில் ஏறக்குறைய 7,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 450க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டில் இவற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆழமாக ஆராய்ந்த இடம் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி. அங்கு பணியாற்றிய டன்ஸ்டன் அம்புரோஸ், லிவிங்ஸ்டனுடன் சேர்ந்து 1986ல் ரைனோகோரிஸ் குமாரி என்ற புதிய இனத்தைத் தென்னிந்தியாவிலிருந்து விவரித்தார். ஆக, ரைனோகோரிஸ் பேரினத்தில் நம் வயல்களோடு தொடர்புடையவை என்று மூன்று பெயர்களை நினைவில் வைக்கலாம்: ஃபுசிப்பெஸ், மார்ஜினேட்டஸ், குமாரி.

உடல் அமைப்பு: தலையில் இருந்து தொடங்குவோம்

ரைனோகோரிஸ் ஃபுசிப்பெஸ் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். உடல் பளிச்சென்ற பவளச் சிவப்பும் கருப்பும் கலந்தது. கால்கள் கருப்பு. இறக்கையின் பின்பகுதிச் சவ்வு கருமையாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள் என்பதால், உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது நல்லது.

தலை: நீளமாகவும் ஒடுங்கியும் இருக்கும். கண்களுக்குப் பின்னால் தலை கழுத்துபோல் குறுகும். புடைத்த இரண்டு பெரிய கண்களுக்குப் பின்னால், சிறு புள்ளிகளைப்போல இரண்டு தனிக்கண்கள் உண்டு. பெரிய கண்களுக்கும் இந்தத் தனிக்கண்களுக்கும் இடையே தலையின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடும்.

உணர்கொம்பு: நான்கு கணுக்கள் கொண்டது, நூல்போல் மெல்லியது. இரையை நெருங்கும்போது இதை முன்னே நீட்டிக்கொண்டு நகரும்.

ஊசி வாய்: மொத்த அடையாளத்தில் இதுதான் முக்கியம். மூன்று கணுக்கள் கொண்ட தடித்த, வளைந்த அலகு. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தலைக்கு அடியில் சிறு கொக்கியை மாட்டியதுபோல வளைந்து நிற்கும். தலைக்கும் அலகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பயிரின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளுக்கு இப்படி இருக்காது. அவற்றின் அலகு மெல்லியதாக, நேராக, நான்கு கணுக்களோடு வயிற்றுப்புறத்தில் ஒட்டிப் படுத்திருக்கும்.

மார்பு: முன் மார்பின் அடியில், முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு நீண்ட பள்ளம் உண்டு. அதில் நுண்ணிய வரிகள் குறுக்காக அமைந்திருக்கும். அலகின் நுனி ஓய்வாக இருக்கும்போது இந்தப் பள்ளத்தில் தங்கும். பூச்சி தொந்தரவுக்கு உள்ளானால் அலகின் நுனியை அந்த வரிகளில் உரசி மெல்லிய ஒலி எழுப்பும். இந்தப் பள்ளம் ரெடுவிடே குடும்பத்தின் முத்திரை அடையாளம்.

இறக்கை: முன் இறக்கையின் அடிப்பகுதி தோல்போல் தடித்தும் நுனிப்பகுதி சவ்வாகவும் இருக்கும். அந்தச் சவ்வில் இரண்டு பெரிய அறைகள் நரம்புகளால் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு முன்னால் சிறிய நாற்கர அறை ஒன்று இருப்பது ஹார்ப்பக்டோரினே துணைக் குடும்பத்துக்கு உரிய குறி. இதைப் பார்க்க கைலென்ஸ் தேவை.

வயிறு: இறக்கை முழுவதையும் மூடாது. இறக்கைக்கு வெளியே வயிற்றின் இரு ஓரங்களும் தட்டையாக நீட்டிக்கொண்டு தெரியும். இந்த ஓரத்தின் நிறத்தை வைத்துத்தான் ரைனோகோரிஸ் இனங்களைப் பலர் பிரித்துப் பார்க்கிறார்கள்.

மார்ஜினேட்டஸ் என்ற பெரிய உறவினர்

ஃபுசிப்பெஸைவிடப் பருத்து, கருப்பு உடலும் வயிற்றின் ஓரத்தில் சிவப்பும் கொண்ட பூச்சியைப் பார்த்தால் அது ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸாக இருக்க வாய்ப்பு அதிகம். 'மார்ஜினேட்டஸ்' என்றால் ஓரம் கட்டியது என்று பொருள், கரை வைத்த வேட்டிபோல. இதற்கும் 1794ல் பெயர் வைத்தவர் ஃபாப்ரீசியஸ்தான்.

ஆனால் எல்லா மார்ஜினேட்டஸுக்கும் ஓரம் சிவப்பாக இருப்பதில்லை. ஓரம் முழுச் சிவப்பு, ஓரம் முழுக் கருப்பு, சிவப்பும் கருப்பும் கலந்தது என்று ஒரே இனத்தில் மூன்று நிற வடிவங்கள் பதிவாகியுள்ளன. இதைத் தெரியாதவர்கள் மூன்று தனித்தனிப் பூச்சிகள் என்று நினைப்பார்கள். நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலக்கடலையில் புரோடீனியா புழுவை (ஸ்போடாப்டிரா லிட்டுரா) கட்டுப்படுத்த மார்ஜினேட்டஸைப் பயன்படுத்துவது பற்றிப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பயிர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் ஆய்வுக்கூடத்திலும் வயலிலும் சோதனைகள் நடத்தியிருக்கிறார்கள்.

எந்தச் சிவப்பு எதிரி, எந்தச் சிவப்பு நண்பன்?

பருத்தி வயலில் பெரிய குழப்பம் சிவப்புப் பருத்தி நாவாய்ப் பூச்சியோடுதான். அதன் அறிவியல் பெயர் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். இது வெடித்த காய்களிலும் பிஞ்சுகளிலும் உட்கார்ந்து விதையின் சாற்றை உறிஞ்சும். அது குத்திய வழியாகப் பூசணம் நுழைந்து பஞ்சு கறைபடும், தரம் குறையும், விலை இறங்கும். இதை விட்டுவைக்க முடியாது. ஆனால் ரெடுவிட் பூச்சி இதையே பிடித்துச் சாப்பிடும் என்பதுதான் வேடிக்கை. இரையும் வேட்டைக்காரனும் ஒரே நிறத்தில் ஒரே செடியில் இருப்பார்கள்.

இரண்டையும் பிரிக்கக் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. கூட்டம்: சிவப்புப் பருத்தி நாவாய்ப் பூச்சி கும்பலாக இருக்கும். வெடித்த ஒரு காயில் பெரிதும் சிறிதுமாகப் பத்து இருபது மொய்க்கும். ரெடுவிட் பூச்சி தனியாகத் திரியும். முட்டையில் இருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகள் மட்டும் சில நாள் ஒன்றாக இருக்கும்.

2. அலகு: பருத்திப் பூச்சிக்கு நேரான, மெல்லிய அலகு அடிவயிற்றோடு ஒட்டியிருக்கும். ரெடுவிட் பூச்சிக்குத் தடித்து வளைந்திருக்கும்.

3. அடிவயிறு: பருத்திப் பூச்சியைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பு வயிற்றில் வெள்ளைக் கோடுகள் பட்டை பட்டையாகத் தெரியும். தலையை ஒட்டி வெள்ளைக் கழுத்துப்பட்டை இருக்கும்.

4. இறக்கைப் புள்ளி: பருத்திப் பூச்சியின் ஒவ்வொரு முன் இறக்கையிலும் தெளிவான ஒரு கருப்புப் புள்ளி உண்டு.

5. தனிக்கண்: பருத்திப் பூச்சிக்குத் தனிக்கண்கள் கிடையாது. ரெடுவிட் பூச்சிக்கு இரண்டு உண்டு. லென்ஸ் இருந்தால் இது நல்ல சோதனை.

6. நடை: பருத்திப் பூச்சியைத் தொட்டால் கும்பலாகச் சிதறி ஓடும். ரெடுவிட் பூச்சி பதுங்கிப் பதுங்கி நகரும், இடையில் நின்று உணர்கொம்பை ஆட்டும்.

வரப்பில் இருக்கும் எருக்கஞ்செடியிலும் சிவப்பு, கருப்பு நாவாய்ப் பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் ஸ்பைலோஸ்டெத்தஸ் எனும் பேரினத்தைச் சேர்ந்தவை, எருக்கின் விதையை உண்பவை. அவற்றுக்குத் தனிக்கண் உண்டு என்றாலும் அலகு நேரானதே. எனவே எந்தக் குழப்பம் வந்தாலும் கடைசித் தீர்ப்பை அலகிடம் விடுங்கள்: வளைந்த தடித்த அலகு என்றால் வேட்டைப் பூச்சி, நேரான மெல்லிய அலகு என்றால் சாறு உறிஞ்சி.

சோதித்துப் பார்க்க வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். மூடியுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் செடியின் அடியில் பிடித்து, கிளையைத் தட்டினால் பூச்சி உள்ளே விழும். பக்கவாட்டில் இருந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கைபேசியில் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அடிப்புறம் ஒரு படம் என்று மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுத்த படம் மட்டும் இருந்தால் வல்லுநருக்கும் உறுதியாகச் சொல்வது கடினம்.

வேட்டை எப்படி நடக்கிறது?

ரெடுவிட் பூச்சிக்குக் கடிக்கும் பல் கிடையாது. அலகின் உள்ளே ஊசிபோன்ற இழைகள் இருக்கின்றன. அவை சேர்ந்து இரண்டு குழாய்களாக அமைகின்றன. ஒன்று எச்சிலை உள்ளே செலுத்த, இன்னொன்று உணவை உறிஞ்ச.

இரையைப் பார்த்ததும் பூச்சி விழித்துக்கொள்ளும், மெதுவாக நெருங்கும், முன்னங்கால்களால் பிடிக்கும், தோலின் மென்மையான இடம் தேடி அலகால் குத்தும். உள்ளே போகும் எச்சில் முதலில் இரையைச் செயலிழக்கச் செய்யும், பிறகு உள் உறுப்புகளைக் கரைக்கும். கரைந்ததை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைக் கீழே போட்டுவிடும். தன்னைவிடப் பெரிய புழுவையும் இதனால்தான் வீழ்த்த முடிகிறது. செடிக்கு அடியில் சாறு வற்றி, தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும் புழுக்களைப் பார்த்தால் உங்கள் வயலில் ஏதோ ஒரு வேட்டைப் பூச்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஃபுசிப்பெஸின் உணவுப் பட்டியலில் பச்சைக் காய்ப்புழு (ஹெலிகோவெர்பா), புரோடீனியா புழு, சிவப்புப் பருத்தி நாவாய்ப் பூச்சி, கத்தரியின் எபிலாக்னா புள்ளி வண்டு, நெல்லின் முள்வண்டு ஆகியவை பதிவாகியுள்ளன. ஒரே பூச்சியை நம்பி வாழாததால், ஒரு பயிரில் புழு குறைந்தாலும் பக்கத்துப் பயிரில் பிழைத்துக்கொள்ளும். திருச்சி மாவட்டத்தைப்போல் பல பயிர்கள் கலந்திருக்கும் இடத்துக்கு இது நல்ல குணம்.

முட்டையும் குஞ்சும்: இங்கும் ஒரு கவனம்

இப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டை, ஐந்து இளம்பருவம், பிறகு முதிர்ந்த பூச்சி. முட்டைகள் இலையில் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்குத்தாக நிறுத்திய சிறு குப்பிகளைப்போல இருக்கும். குப்பி பழுப்பு நிறம், மூடி வெண்மை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும். குஞ்சுகளுக்கு இறக்கை இருக்காது, வளர வளர இறக்கை மொட்டுகள் தெரியும். வெப்பத்தையும் கிடைக்கும் உணவையும் பொறுத்து முதிர்ச்சியடைய ஒன்றரை மாதம் வரையோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும்.

புரோடீனியா முட்டைக் குவியலைக் கையால் சேகரித்து அழிக்கச் சொல்வது வழக்கமான பரிந்துரை. அப்படிச் செய்யும்போது ரெடுவிட் முட்டையையும் சேர்த்து நசுக்கிவிடாதீர்கள். புரோடீனியா முட்டைக் குவியலின் மேல் பழுப்பு நிற மயிர் கம்பளிபோல் மூடியிருக்கும். ரெடுவிட் முட்டையில் மயிர் இருக்காது, வரிசையாக வெள்ளை மூடிகள் தெரியும். களை எடுக்கவும் முட்டை பொறுக்கவும் வரும் பெண்களிடம் இந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்தாலே போதும்.

வளர்ச்சி மெதுவானது என்பதைக் கவனியுங்கள். புரோடீனியா ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ரெடுவிட் பூச்சிக்கு அதைவிட அதிகம் ஆகும். அதனால் ஒரு முறை மருந்தடித்து இரண்டையும் கொன்றால், முதலில் திரும்பி வருவது புழுதான். காவலாளி திரும்ப வெகு நாளாகும். அந்த இடைவெளியில் அடுத்த மருந்துக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள்.

அதே குடும்பத்தில் மற்றவர்கள்

ரெடுவிடே குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களும் செடியில் வாழ்வதில்லை. பைரேட்டினே என்ற துணைக் குடும்பத்தினர் பெரும்பாலும் கருப்பாக, தரையில், கற்களுக்கும் சருகுக்கும் அடியில் இருந்து இரவில் வேட்டையாடுவார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டு வாசலுக்கும் வருவார்கள். ரெடுவினே துணைக் குடும்பத்தின் அகாந்தாஸ்பிஸ் குஞ்சுகள் உடலில் மண்ணையும் தூசியையும் பூசிக்கொண்டு நடமாடும் மண்கட்டிபோல் தெரியும். இந்தத் தரை வேட்டைக்காரர்களின் முன்னங்கால்களில் இரையை நழுவவிடாத பஞ்சுபோன்ற திண்டு இருக்கும். எக்ட்ரிகோடினே துணைக் குடும்பத்தினர் மரவட்டைகளை உண்பவர்கள். எமெசினே துணைக் குடும்பத்தினர் கொசுவைப்போல் நூல் கால்களோடு இருப்பார்கள்.

தென்னை வளர்ப்போருக்கும் இக்குடும்பத்தோடு தொடர்பு உண்டு. காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பிளாட்டிமெரிஸ் லேவிகோலிஸ் என்ற ரெடுவிட் இனம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இலை உண்ணும் கூட்டுப்புழு வகைகளுக்கு எதிராக சைக்கானஸ் எனும் ரெடுவிட் பேரினத்தைப் போற்றி வளர்க்கிறார்கள்.

ட்ரையடோமினே என்ற துணைக் குடும்பம் மட்டும் விலக்கு. இவை இரத்தம் உறிஞ்சுபவை. தென், மத்திய அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்புபவை இவைதான். இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வயலில் இருக்கும் ரைனோகோரிஸையும் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். ரைனோகோரிஸ் மனித இரத்தத்தைத் தேடி வருவதில்லை. அதன் உணவு பூச்சிகள் மட்டுமே.

கையில் குத்துமா?

குத்தும். பிடித்து அழுத்தினாலோ சட்டைக்குள் சிக்கினாலோ தற்காப்புக்காகக் குத்தும். வலி கடுமையாக இருக்கும், அந்த இடம் சிவந்து வீங்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். மூச்சுத் திணறல், முகத்தில் வீக்கம், மயக்கம் போன்ற ஒவ்வாமை அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பஞ்சு எடுக்கும்போதும் கத்தரி பறிக்கும்போதும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

வயலில் தக்கவைக்க என்ன செய்யலாம்?

டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையைப்போல ரெடுவிட் பூச்சியை எளிதில் விலைக்கு வாங்கி விட முடியாது. ஆய்வுக்கூடங்களில் நெல் அந்துப்பூச்சியின் புழுவைக் கொடுத்து வளர்க்கிறார்கள். ஆனால் நெருக்கமாக வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், வளரவும் நாளாகும். ஆகவே நமக்குள்ள வழி, இயற்கையாக வருவதைக் கொல்லாமல் காப்பதுதான்.

பார்த்த பிறகே மருந்து: காலை நேரத்தில் வயலில் குறுக்காக நடந்து, ஐந்து இடங்களில் நான்கு செடி வீதம் 20 செடிகளைப் பாருங்கள். புழு எத்தனை, முட்டைக் குவியல் எத்தனை, ரெடுவிட், பொறிவண்டு, சிலந்தி எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். புழு பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டாமலும் நண்பர்கள் இருந்தும் காணப்பட்டால் மூன்று நாள் பொறுத்து மறுபடி எண்ணுங்கள்.

இனக்கவர்ச்சிப் பொறி: பச்சைக் காய்ப்புழு, புரோடீனியா அந்துப்பூச்சிகளைக் கண்காணிக்க ஏக்கருக்கு 5 பொறிகள் வைக்கலாம். இது அந்தந்த அந்துப்பூச்சியை மட்டுமே ஈர்க்கும்.

பொறிப்பயிர்: நிலக்கடலை, பருத்தி வரப்பில் ஆமணக்கு நட்டால் புரோடீனியா அங்கே முட்டையிடும். குவியலைப் பொறுக்கி அழிப்பது எளிது.

வரப்புப் பயிர்: தட்டைப்பயறு, சாமந்தி, சூரியகாந்தி போன்றவற்றை ஓரத்தில் விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு நிழலும் மாற்று இரையும் கிடைக்கும். வாழைத் தோட்டத்தில் பயறு வகை ஊடுபயிர் இதே பலனைத் தரும். வரப்பை மொத்தமாகச் செதுக்கி எரிப்பதைத் தவிர்க்கவும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்: இடித்த வேப்பம்பருப்பு 5 கிலோவை இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி மாலையில் தெளிக்கலாம். புழுக்கள் சிறிதாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன்.

என்.பி.வி. வைரஸ் கரைசல்: இது புழுக்களை மட்டுமே தாக்கும், நாவாய்ப் பூச்சிகளைத் தாக்காது. வெயில் தணிந்த பிறகு தெளிக்க வேண்டும்.

இரசாயனம் கடைசியில்: தவிர்க்க முடியாத நிலை வந்தால் தாக்குதல் உள்ள பகுதியில் மட்டும் தெளிக்கவும். இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிப்பதை நிறுத்துங்கள். குறிப்பாகப் பருத்தியில் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் வேட்டைப் பூச்சிகள் அழிவதோடு வெள்ளை ஈயும் பெருகும்.

எதை இந்தப் பூச்சியிடம் எதிர்பார்க்கக் கூடாது?

ரெடுவிட் பூச்சி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. வாழைத் தண்டுக் கூன்வண்டும் கிழங்குக் கூன்வண்டும் தண்டுக்குள்ளும் கிழங்குக்குள்ளும் குடைந்து வாழ்பவை. ரெடுவிட் பூச்சியின் அலகு அங்கே எட்டாது. ஸ்ரீரங்கம், அந்தநல்லூர் வாழை விவசாயிகள் இவற்றுக்குத் தோட்டச் சுத்தம், தண்டுத்துண்டுப் பொறி, சுத்தமான கன்று ஆகிய வழிகளையே நம்ப வேண்டும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவையும் இது பிடிக்காது. வெள்ளை ஈ, இலைப்பேன் பெருக்கத்தையும் இதனால் அடக்க முடியாது. பசித்தால் பொறிவண்டையும் தேனீயையும்கூடப் பிடிக்கும்.

வெளியில் நடமாடும் புழுக்கள், நாவாய்ப் பூச்சிகள், வண்டுகளைக் குறைப்பதில்தான் அதன் வேலை. புழுவை முற்றாக ஒழிக்காது, ஆனால் புழு சேத நிலையைத் தாண்டாமல் பிடித்து வைக்க உதவும். ஒரு தெளிப்பைத் தவிர்த்தாலே அந்தக் கூலியும் மருந்துச் செலவும் உங்கள் கையில் நிற்கும்.

யாரைக் கேட்கலாம்?

அடையாளம் காண்பதில் சந்தேகம் இருந்தால் மருந்து வாங்கும் முன் பூச்சியை டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள். சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையமும், நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் உள்ளன. வாழை தொடர்பான கேள்விகளுக்குத் தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் காட்டலாம். எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில், எத்தனை செடியில் பார்த்தீர்கள் என்பதையும் சொன்னால் சரியான ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த முறை செடியில் சிவப்புப் பூச்சி தெரிந்தால் முதலில் அது கும்பலா, தனியா என்று பாருங்கள். பிறகு குனிந்து பக்கவாட்டில் அதன் அலகைப் பாருங்கள். வளைந்திருந்தால் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டுப் புழுவை எண்ணத் தொடங்குங்கள்.